புற்றுநோய்ச் சிகிச்சையும் தமிழ் பேசும் மக்களும்: கிளினிக் வாசல்வரை உள்ள தூரம்

இலங்கையின் அரச வைத்தியசாலைகளில் புற்றுநோய்ச் சிகிச்சை இலவசம். சத்திரசிகிச்சை, கீமோ என்று நாம் சொல்லும் மருந்துச் சிகிச்சை, கதிர்ச் சிகிச்சை ஆகிய மூன்றுக்கும் நோயாளி கட்டணம் செலுத்தத் தேவையில்லை. உலகின் பல நாடுகளில் இல்லாத வாய்ப்பு இது. அப்படியிருந்தும் வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் பலர் நோய் முற்றிய பிறகே வைத்தியரிடம் போகிறார்கள். சிகிச்சையைத் தொடங்கியவர்களிலும் சிலர் இடையில் விட்டுவிடுகிறார்கள். இதை மக்களின் அறியாமை என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவது சுலபம். ஆனால் வீட்டு முற்றத்திலிருந்து புற்றுநோய்க் கிளினிக் வரை ஒருவர் போகும் பாதையைப் பின்தொடர்ந்து பார்த்தால் அறியாமையைவிடப் பெரிய தடைகள் பல இருப்பது தெரியும்.

இலங்கையில் ஆண்டுதோறும் 30,000 அளவில் புதிய புற்றுநோயாளர்கள் கண்டறியப்படுகிறார்கள். பெண்களிடையே மார்பகப் புற்றுநோய் முதலிடத்தில் இருக்கிறது. ஆண்களிடையே உதடு, வாய்க்குழி, தொண்டை சார்ந்த புற்றுநோய்கள் முன்னணியில் உள்ளன. வெளிப்படையாகத் தொட்டோ பார்த்தோ ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்கக்கூடிய நோய்கள் இவை. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கைத் தமிழர் ஏறத்தாழ 11 வீதம், முஸ்லிம்கள் 9 வீதம், மலையகத் தமிழர் 4 வீதம். ஆக, நாட்டின் நான்கில் ஒரு பங்கினர் தமிழில் பேசி வாழ்பவர்கள். ஆனால் நாட்டின் பிரதான புற்றுநோய் வைத்தியசாலை இருப்பதோ கொழும்புக்கு அருகே மஹரகமவில், சிங்கள மொழிச் சூழலில்.

எங்கே போவது

மஹரகம அபேக்ஷா வைத்தியசாலை, முன்னர் தேசிய புற்றுநோய் நிறுவகம் என அறியப்பட்டது. ஊரில் 'மஹரகமவுக்கு அனுப்பிவிட்டார்கள்' என்று சொன்னாலே என்ன வருத்தம் என்று எல்லோருக்கும் விளங்கிவிடும். அந்த அளவுக்கு அந்த ஊரின் பெயர் நோயின் பெயராகிவிட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர்.

இன்று எல்லோரும் அங்கேதான் போகவேண்டும் என்றில்லை. தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையோடு சேர்ந்து புற்றுநோய் வைத்தியசாலை ஒன்று 2013 முதல் இயங்குகிறது. 2011 இல் தெய்வேந்திரமுனைக்கும் பருத்தித்துறைக்கும் இடையே 670 கிலோமீற்றர் தூரத்துக்கு நடத்தப்பட்ட 'ட்ரெயில்' நடைப்பயணத்தில் சேர்ந்த நிதியால் அது கட்டப்பட்டது. தெற்கிலும் வடக்கிலும் வெளிநாடுகளிலும் இருந்து பெயர் தெரியாத ஆயிரக்கணக்கானோர் கொடுத்த பணம் அது. 1990 இல் வலிகாமம் வடக்கு முழுவதும் இடம்பெயர்ந்து, பின்னர் உயர் பாதுகாப்பு வலயமாகக் கிடந்த மண்ணில் அந்தக் கட்டடம் எழுந்தது என்பதையும் சேர்த்து நினைக்கவேண்டும். கிழக்கில் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலும், மலையகத்துக்கு அண்மையில் கண்டி, பதுளை வைத்தியசாலைகளிலும், வடமத்தியில் அநுராதபுரத்திலும் புற்றுநோய்ப் பிரிவுகள் உள்ளன.

ஆனால் பட்டியலில் அருகில் தெரியும் இடம் ஒரு நோயாளிக்கு அருகில் இருப்பதில்லை. வவுனியாவில் உள்ள ஒருவருக்கு அநுராதபுரம் ஒரு மணித்தியாலப் பயணம்தான். தெல்லிப்பழை அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் தூரம். அருகில் இருக்கும் இடத்தில் மொழி புரியாது. மொழி புரியும் இடமோ தூரம். மன்னார்க்காரருக்கும் இதே இக்கட்டுத்தான். முல்லைத்தீவின் உட்கிராமம் ஒன்றிலிருந்து புறப்படுபவர் விடிய முதல் எழும்பி இரண்டு பஸ் மாறித்தான் தெல்லிப்பழைக்கு வரமுடியும். நெடுந்தீவில் இருப்பவர் கடல் அமைதியாக இருந்தால்தான் குறிகாட்டுவானில் இறங்கலாம். கீமோ ஏற்றிய மறுநாள் வாந்தியோடு படகில் திரும்புவதை நினைத்துப் பாருங்கள்.

கதிர்ச் சிகிச்சையில் தூரம் இன்னும் பெரிய தடையாகிறது. கீமோ என்றால் பெரும்பாலும் மூன்று கிழமைக்கு ஒருமுறை போய்வரலாம். கதிர்ச் சிகிச்சை அப்படியல்ல. மார்பகப் புற்றுநோய்க்குத் திங்கள் முதல் வெள்ளி வரை ஒவ்வொரு நாளும் என்று மூன்று கிழமை, சிலருக்கு ஐந்து கிழமை. ஒரு நாளைய சிகிச்சைக்கு எடுக்கும் நேரம் சில நிமிடங்கள்தான். அந்தச் சில நிமிடங்களுக்காக வீட்டையும் பிள்ளைகளையும் விட்டு ஒரு மாதம் எங்காவது தங்கவேண்டும். கீமோவை முழுமையாக முடித்த பெண்கள் கதிர்ச் சிகிச்சைக்குப் போகாமல் நின்றுவிடுவதற்கு அச்சத்தைவிட இதுவே பெரிய காரணம்.

பிள்ளைகளின் நிலை வேறு. சிறுவர் புற்றுநோய்க்கான சிறப்புச் சிகிச்சை பெருமளவில் மஹரகமவிலேயே குவிந்திருக்கிறது. குழந்தைகளுக்கு அதிகம் வரும் இரத்தப் புற்றுநோய் வகைக்கு இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் வரை சிகிச்சை தொடரும். அந்தக் காலம் முழுவதும் தாய் ஒருத்தி மொழி தெரியாத வாட்டில் பிள்ளையோடு போய்வரவேண்டும். வீட்டில் மற்றப் பிள்ளைகளின் படிப்பு குழம்பும். ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். சிறுவர் இரத்தப் புற்றுநோய், ஒழுங்காக முழுச் சிகிச்சையும் பெற்றால் பெரும்பாலான பிள்ளைகளில் குணமாகும் நோய். முதல் சில மாதங்களில் பிள்ளை தேறிவிட்டதாகத் தெரியும்போது 'இனிப் போதும்' என்று நிறுத்திவிடுவதுதான் மிகவும் ஆபத்தானது.

போர் உடலில் விட்டுச்சென்றவை

எமது மக்களின் பயணத் தயக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1990 களில் பொருளாதாரத் தடை இருந்தபோது வடக்குக்கு மருந்து வருவதே கட்டுப்பாட்டுக்குள் இருந்தது. குடாநாட்டிலிருந்து கொழும்புக்குச் சிகிச்சைக்குப் போகும் நோயாளி கிளாலிக் கடனீரேரியை இரவில் படகில் கடந்தார். பின்னர் பாஸ் எடுத்துக் கப்பலில் போனார். ஏ9 வீதி 2002 இல் திறந்து 2006 இல் மறுபடி மூடியது. கொழும்பு விடுதிகளில் தங்கிச் சிகிச்சை பெற்றவர்களுக்குச் சோதனையும் பொலிஸ் பதிவும் அன்றாடம். 2007 ஜூனில் கொழும்பு விடுதிகளில் இருந்த முந்நூறுக்கு மேற்பட்ட தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வெளியேற்றப்பட்டபோது, அங்கே தங்கியிருந்தவர்களில் மருத்துவத்துக்காக வந்தவர்களும் இருந்தனர். உயர்நீதிமன்றம் தலையிட்டு அந்த வெளியேற்றத்தைத் தடுத்தது. இவையெல்லாம் பழைய கதைகள் என்று இளையவர்கள் நினைக்கலாம். ஆனால் இன்று புற்றுநோய் வரும் வயதில் இருப்பவர்கள் அந்தப் பயணங்களைச் செய்தவர்கள்தான். 'மஹரகமவுக்குப் போங்கோ' என்று சொன்னதும் அம்மா ஏன் மௌனமாகிறார் என்று மகனுக்கு விளங்காமல் போவது இதனால்தான்.

போர்க் காயம் உள்ளவர்கள் தெரிந்துகொள்ளவேண்டிய மருத்துவ விடயங்கள் சில உண்டு. அவசரமான கிளினிக்கில் இவற்றைக் கேட்க யாருக்கும் நேரம் கிடைக்காமல் போகலாம். எனவே நோயாளியே முந்திச் சொல்வது நல்லது.

முதலாவது, உடலில் இருக்கும் ஷெல் துண்டுகள். வன்னியில் கடைசி மாதங்களைக் கடந்து வந்த பலர் இன்னும் துண்டுகளோடுதான் வாழ்கிறார்கள். எம்ஆர்ஐ பரிசோதனையில் பயன்படுவது வலுவான காந்தம். உடலில் உள்ள இரும்புத் துண்டை அது அசைக்கவோ சூடாக்கவோ கூடும். கண், முள்ளந்தண்டு, பெரிய இரத்தக் குழாய் ஆகியவற்றுக்கு அருகே துண்டு இருந்தால் ஆபத்து அதிகம். எனவே எம்ஆர்ஐக்கு எழுதும்போதே 'உடம்பில துண்டு இருக்கு' என்று சொல்லவேண்டும். முதலில் எக்ஸ்ரே எடுத்துத் துண்டு எங்கே இருக்கிறது என்று பார்த்து முடிவெடுப்பார்கள். சிரி ஸ்கானில் காந்தம் இல்லை. அதனால் அந்த ஆபத்தும் இல்லை, படம் மட்டும் துண்டுக்குப் பக்கத்தில் சற்று மங்கலாகலாம். மார்பிலோ கழுத்திலோ துண்டு உள்ளவர்கள் மமோகிராம் எடுக்கும்போதும், கதிர்ச் சிகிச்சைக்குத் திட்டமிடும்போதும் அதைச் சொல்லவேண்டும். முன்னாள் போராளி என்று தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் துண்டை மறைப்பவர்கள் இருக்கிறார்கள். எந்தக் காரணத்தால் துண்டு வந்தது என்று விளக்கவேண்டியதில்லை. துண்டு இருக்கிறது என்பது மட்டும் வைத்தியருக்குத் தெரிந்தால் போதும். ஷெல் பொதுமக்களையும் விட்டுவைக்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

இரண்டாவது, ஆறாத புண். பழைய எரிகாயத் தழும்பு, அவயவம் இழந்த இடத்தில் செயற்கைக் கால் உரசி உரசித் திறக்கும் புண், பல வருடமாக நீர் வடியும் காயம் ஆகியவற்றில் ஆண்டுகள் பல கழிந்த பிறகு தோல் புற்றுநோய் உருவாகலாம். இதை மருத்துவத்தில் மார்ஜொலின் புண் என்பார்கள். இது அடிக்கடி வரும் ஒன்றல்ல. ஆனால் நீண்டகாலம் அமைதியாக இருந்த தழும்பில் புதிதாகப் புண் தோன்றினாலோ, இருக்கும் புண்ணின் ஓரம் தடித்து எழும்பினாலோ, மணமோ இரத்தக் கசிவோ கூடினாலோ மருந்து கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் இருக்கக்கூடாது. சிறு துண்டு தசை எடுத்துப் பரிசோதிக்கும் பயொப்ஸி செய்யும்படி கேட்கவேண்டும்.

மூன்றாவது விடயம் உடலில் இல்லை, மனதில் இருக்கிறது. விடுதலைப் புலிகளின் மகளிர் அரசியற்பிரிவுப் பொறுப்பாளராக இருந்த தமிழினி 2015 ஒக்டோபரில் மஹரகமவில் புற்றுநோயால் காலமானார். மறு ஆண்டில், புனர்வாழ்வின்போது போராளிகளுக்கு விஷ ஊசி ஏற்றப்பட்டதா என்ற கேள்வி வட மாகாண சபைவரை எழுந்தது, சுயாதீனமான மருத்துவப் பரிசோதனை கோரப்பட்டது. அந்தச் சந்தேகம் மக்களிடம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதைக் கேலிசெய்ய எனக்கு மனமில்லை. தடுப்பில் என்ன நடந்தது என்று வெளிப்படையாகச் சொல்லாத அரசிடம் சந்தேகம் எழுவது இயல்பு. ஆனால் அந்தச் சந்தேகம் நோயாளிக்குச் செய்யும் தீங்கு வேறு. 'எனக்கு என்ன ஏற்றினார்களோ தெரியாது, வருவது வரட்டும்' என்று ஒரு கட்டியைக் காட்டாமல் இருக்கும் முன்னாள் போராளிக்கு, அது எந்தக் காரணத்தால் வந்திருந்தாலும் சிகிச்சை ஒன்றுதான். எவ்வளவு முந்திக் காட்டுகிறாரோ அவ்வளவுக்கு உயிர் பிழைக்கும் வாய்ப்பும் கூடும். நீதி கேட்பதற்கும் பயொப்ஸி அறிக்கை ஒரு ஆவணம்தான்.

மொழி என்பது வசதி மட்டுமல்ல

அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் 1987 இல் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதிகளிலும் அரச அலுவலரோடு தமிழில் தொடர்புகொள்ளவும் பதில் பெறவும் ஒருவருக்கு உரிமை உண்டு. வைத்தியசாலையும் அரச நிறுவனமே. நடைமுறையில் என்ன நடக்கிறது என்று சிங்களப் பகுதி வைத்தியசாலைக்குப் போய்வந்த யாரும் சொல்வார்கள். பெயர்ப்பலகையில் தமிழ் இருக்கும், மேசைக்குப் பின்னால் இருக்காது. அன்பான தாதியர் கைச்சைகையாலும் அரைகுறைத் தமிழாலும் சமாளிக்கிறார்கள். சிலவேளை பக்கத்துக் கட்டில் நோயாளிதான் மொழிபெயர்ப்பாளர்.

அறிக்கைகள் ஆங்கிலத்தில் வரும். அதில் 'பொசிட்டிவ்' என்று இருந்தால் நல்ல செய்தி என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போன குடும்பங்கள் உண்டு. பயொப்ஸி அறிக்கையில் பொசிட்டிவ் என்றால் பெரும்பாலும் தேடிய நோய் இருக்கிறது என்று பொருள். மார்பகப் புற்றுநோயில் ஹோர்மோன் ஏற்பி பொசிட்டிவ் என்று வந்தால், மாத்திரையால் கட்டுப்படுத்தக்கூடிய வகை என்று பொருள். ஒரே சொல்லுக்கு இரண்டு இடத்தில் இரண்டு கருத்து. இதை யாராவது தமிழில் இருந்து விளங்கப்படுத்தாவிட்டால், ஐந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ விழுங்கவேண்டிய மாத்திரையை ஆறு மாதத்தில் நிறுத்திவிடுவார்கள். நிறுத்தியும் விடுகிறார்கள்.

மொழி உயிரோடு நேரடியாகச் சம்பந்தப்படும் இடம் காய்ச்சல். கீமோ ஏற்றிய பின் ஒன்று முதல் இரண்டு கிழமைக்குள் இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறையும். அந்த நாட்களில் உடல் வெப்பநிலை 38 பாகை செல்சியஸைத் தொட்டால் அது அவசர நிலை. பனடோல் போட்டுவிட்டு விடியட்டும் என்று இருக்கக்கூடாது. அன்றே, இரவானாலும், அருகிலுள்ள வைத்தியசாலைக்குப் போய் 'கீமோ ஏற்றியிருக்கு' என்று கிளினிக் கொப்பியைக் காட்டவேண்டும். சாதாரண நாளில் தாங்கக்கூடிய ஒரு கிருமித்தொற்று அந்த நாட்களில் சில மணித்தியாலங்களில் உயிரைக் கொண்டுபோகலாம். இந்த ஒரு அறிவுரை நோயாளியின் மொழியில், எழுத்தில், வீட்டுக்குப் போகுமுன் கையில் கிடைக்கவேண்டும். புற்றுநோய்ப் பிரிவுகளுக்கு உதவி செய்ய விரும்பும் அமைப்புகள் வேறெதையும் செய்யாவிட்டாலும் இதை ஒரு பக்கத்தில் தமிழில் அச்சடித்துக் கொடுத்தால் சில உயிர்கள் மிஞ்சும்.

வீட்டுப் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக்குவது பற்றியும் சொல்லவேண்டும். கொழும்பில் படிக்கும் மகள் சிங்களம் பேசுவாள் என்று கூட்டிக்கொண்டு போவார்கள். வைத்தியர் சொல்வதைக் கேட்டு அவள் தாயிடம் பாதியைத்தான் சொல்வாள். அம்மா தாங்கமாட்டா என்று நோயின் பெயரையே விட்டுவிடுவாள். இருபது வயதுப் பிள்ளையின் தலையில் அந்தச் செய்தியைச் சுமத்துவதும் அநியாயம், நோயாளிக்குத் தன் உடல் பற்றித் தெரியாமல் போவதும் அநியாயம். சத்திரசிகிச்சைக்குச் சம்மதக் கையெழுத்து வாங்கும்போது, விளங்காத மொழியில் உள்ள படிவத்தில் கையெழுத்திட யாரும் கடமைப்பட்டவர் இல்லை. தமிழ் தெரிந்த வைத்தியரையோ தாதியரையோ அழைக்கும்படி வாட்டுப் பொறுப்புத் தாதியிடம் கேட்கலாம். மொழி காரணமாகச் சேவை மறுக்கப்பட்டால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கும், மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்துக்கும் முறையிடலாம். நோயோடு போராடுபவர் முறைப்பாடும் எழுதிக்கொண்டிருப்பாரா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் இதை நோயாளியின் தலையில் விடாமல் எமது அமைப்புகளும் மக்கள் பிரதிநிதிகளும் எடுக்கவேண்டும் என்கிறோம்.

தோட்டத்தில் வெற்றிலை

மலையகத்தில் வாய்ப் புற்றுநோயைப் பற்றிப் பேசாமல் இருக்கமுடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் புகையிலை சேராத வெற்றிலைக் கலவையையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதலாம் வகையில் சேர்த்தது. குற்றவாளி பாக்கு. 'நான் பொயிலை போடுறதில்லை, வெறும் வெத்திலை பாக்குத்தான்' என்பது பாதுகாப்பல்ல. புகையிலையும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும்.

ஆனால் கொழுந்து பறிக்கும் பெண்ணிடம் போய் வெற்றிலையை விடு என்று சொல்லுமுன், அவர் ஏன் போடுகிறார் என்று பார்க்கவேண்டும். அதிகாலைக் குளிரும் மழையும். மலையில் நிற்கும்போது சாப்பிட நேரமில்லை, ஒதுங்க மலசலகூடமும் இல்லை. வாயில் ஒரு வெற்றிலை இருந்தால் பசி அடங்கும், கை வேகமாக ஓடும். அவர்களுக்கு அது பசிக்கான மருந்து. வேலைத்தலத்தில் சாப்பாட்டு நேரமும் சுத்தமான ஓய்விடமும் இல்லாமல் சுவரொட்டி மட்டும் ஒட்டுவதால் என்ன பயன்? புகைக்காமல் பயன்படுத்தும் புகையிலைப் பொருட்களின் உற்பத்தியும் விற்பனையும் 2016 இல் தடைசெய்யப்பட்டும், கடையில் வெற்றிலைக் கூறு அப்படியே விற்கிறது. யாழ்ப்பாணத்தாரும் இதில் கைகழுவ முடியாது. எமது செம்மண் தோட்டங்கள் தலைமுறை தலைமுறையாகப் புகையிலையில் வாழ்ந்தவை. கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் வெற்றிலைத் தட்டம் இல்லாமல் சபை கூடுவதில்லை.

வாய்ப் புற்றுநோய் ஒரே நாளில் வருவதில்லை. கன்னத்தின் உட்புறத்தில் வழித்தாலும் போகாத வெள்ளைப் படலம், சிவந்த திட்டு, இரண்டு மூன்று கிழமையாகியும் ஆறாத புண், காரம் பட்டால் எரிவு, வாயை முன்போல் அகலமாகத் திறக்க முடியாமை ஆகியவை அதற்கு முன்னோடிகள். உங்கள் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வாய்க்குள் நுழைக்க முடியாவிட்டால் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். இந்தக் கட்டத்தில் வெற்றிலையை நிறுத்திக் கண்காணிப்பில் இருந்தால் பலருக்குப் புற்றுநோய் வரை போகாமல் தடுக்கலாம்.

ஆனால் கிளினிக்குக்குப் போவதென்றால் அன்றைய பேர் இல்லை. லயத்திலிருந்து தார் வீதிக்கு இறங்கவே பாதி நாள் போகும் தோட்டங்கள் உண்டு. 2003 வரை பிரசாவுரிமைக்கே காத்திருந்த மக்களிடம் 'ஏன் பிந்தி வந்தீர்கள்' என்று கேட்கும் வைத்தியசாலைக் குரல் சற்றுக் குறைந்து ஒலிக்கவேண்டும்.

பெண்கள் கடைசியாகவே தம்மைப் பார்க்கிறார்கள்

போர் முடிந்த மறு ஆண்டில் அரசதரப்பில் சொல்லப்பட்ட கணக்கின்படி வடக்கு கிழக்கில் கணவனை இழந்த பெண்கள் ஏறத்தாழ 89,000 பேர். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் மனைவியர் பலர் தம்மை அந்தக் கணக்கில் சேர்க்க விடமாட்டார்கள். வீட்டில் உழைப்பவரும், ஆடு மாடு பார்ப்பவரும், நுண்கடன் தவணைக்குப் பதில் சொல்பவரும் ஒருவரே என்றால், மார்பில் தட்டுப்படும் நோகாத கட்டிக்கு அவர் கொடுக்கும் இடம் கடைசியாகத்தான் இருக்கும். நோகாததால் பயமில்லை என்று நினைப்பார்கள். மார்பகப் புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் நோகாது. தோல் உட்குழிவது, முலைக்காம்பு புதிதாக உள்ளிழுப்பது, அதிலிருந்து இரத்தம் கசிவது, கமக்கட்டில் கட்டி தட்டுப்படுவது ஆகியவற்றில் எது இருந்தாலும் உடனே காட்டவேண்டும்.

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் 1996 முதல் சுகவனிதையர் கிளினிக்குகள் நடக்கின்றன. 35 வயதிலும் 45 வயதிலும் கருப்பைக் கழுத்துப் பரிசோதனை இலவசம். மார்பகத்தையும் பார்ப்பார்கள். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரைக் கேட்டால் எந்தக் கிழமை என்று சொல்வார். பிள்ளை பெற்ற காலத்தில் அவரைத் தேடிப் போன பெண்கள் அதன்பிறகு அந்தப் பக்கம் போவதில்லை. மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம் படுவதைத் 'தீட்டு திரும்பிவிட்டது' என்று வீட்டிலேயே மறைத்துவைப்பது பெரிய தவறு. அது புற்றுநோயா இல்லையா என்று கட்டாயம் பார்க்கவேண்டிய அறிகுறி.

2017 முதல் ஆறாம் வகுப்பு மாணவிகளுக்குப் பாடசாலையில் எச்பிவி தடுப்பூசி இரண்டு தடவை போடப்படுகிறது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுப்பதற்கே இந்த ஊசி. எமது இனத்தைக் கருவிலேயே அழிக்கும் ஊசி என்று சிலர் பரப்பும் கதைக்கு மருத்துவ ஆதாரம் எதுவும் இல்லை. உலகின் பல நாடுகள் தம் சொந்தப் பிள்ளைகளுக்குப் போடும் அதே ஊசிதான்.

இன்னொன்று கலியாணப் பேச்சு. தாய்க்குப் புற்றுநோய் என்று வெளியே தெரிந்தால் மகளுக்குச் சம்பந்தம் குழம்பும் என்று சிகிச்சையை ஒளித்துச் செய்பவர்களும், தள்ளிப்போடுபவர்களும் உண்டு. பெரும்பாலான புற்றுநோய்கள் பரம்பரையாக வருவதில்லை. தொட்டாலோ ஒரே கோப்பையில் குடித்தாலோ தொற்றுவதுமில்லை.

கிழக்கிலும் புத்தளத்திலும் முஸ்லிம் பெண்களுக்குக் கூடுதலாக ஒரு தேவை இருக்கிறது. பரிசோதிப்பவர் பெண்ணாக இருக்கவேண்டும் என்பதே அது. மமோகிராம் அறையில் ஒரு பெண் தொழில்நுட்பவியலாளர் இருப்பதாலேயே பலர் வருவார்கள். கொவிட் காலத்தில், 2021 பெப்ரவரி வரை, ஜனாஸாக்களைப் பலவந்தமாக எரித்தது வைத்தியசாலை மீதிருந்த நம்பிக்கையை எவ்வளவு உடைத்தது என்பதைச் சுகாதாரத் துறை இன்னும் உணர்ந்ததாகத் தெரியவில்லை. அதே சமூகத்தைச் சேர்ந்த கதீஜா பவுண்டேஷன் முன்னின்று பொதுமக்களிடம் சேர்த்த பணத்தில்தான் மஹரகமவுக்குப் பெட் ஸ்கான் இயந்திரம் கிடைத்தது.

பணமும் பத்திரங்களும்

சிகிச்சை இலவசம் என்றாலும் பஸ்ஸும் ஹையேஸும் சாப்பாடும் இலவசமில்லை. 2022 நெருக்கடியின்போது எரிபொருளும் இல்லை, மருந்தும் இல்லை என்ற நிலை வந்தது. வெளியே வாங்கி வரும்படி துண்டு எழுதிக் கொடுக்கப்பட்டவர்கள் நகையை அடகுவைத்தார்கள். அதன்பின் வைத்தியர்கள் நாட்டைவிட்டுப் போனதன் வெற்றிடம் இன்னும் நிரம்பவில்லை.

உதவிக்கு வழிகள் சில இருக்கின்றன. பிரதேச செயலகத்தின் சமூகசேவை அலுவலரிடம் புற்றுநோயாளருக்கான மாதாந்த நோய் உதவிப்பணம் பற்றிக் கேட்கவேண்டும். தொகை சிறியது, ஆனால் பஸ் காசுக்கு உதவும். ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு 2025 முதல் பிரதேச செயலகத்தினூடாகவும் விண்ணப்பிக்கலாம், கொழும்புக்கு அலையத் தேவையில்லை. இரண்டுக்கும் கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலும் வைத்தியரின் சான்றும் தேவைப்படும்.

இடப்பெயர்வில் எல்லாப் பத்திரங்களையும் இழந்தவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை என்றாலும், கிளினிக் கொப்பி, டயக்னோசிஸ் கார்ட், பயொப்ஸி அறிக்கை மூன்றையும் கைத்தொலைபேசியில் படமெடுத்து, வெளியூரில் உள்ள ஒருவருக்கும் அனுப்பிவையுங்கள். பயொப்ஸி அறிக்கை தொலைந்தால் சிகிச்சை தாமதமாகலாம்.

புலம்பெயர் உறவுகள் பலர் இயந்திரம் வாங்கிக் கொடுக்க விரும்புகிறார்கள். பெயர்ப்பலகை வைக்க அது வசதி. ஆனால் வன்னியிலிருந்து வரும் பெண் ஐந்து கிழமை தங்க ஒரு பாதுகாப்பான அறை, கிழமைக்கு இருமுறை முல்லைத்தீவிலிருந்து ஓடும் ஒரு வாகனம், மஹரகமவில் தமிழ் பேசும் ஒரு வழிகாட்டி ஆகியவற்றுக்கு மாதாமாதம் கொடுக்க ஆட்கள் இல்லை. உலக சுகாதார நிறுவனம் மார்பகப் புற்றுநோயில் நாடுகளுக்கு வைத்திருக்கும் இலக்கு மூன்று: 60 வீதத்தினருக்காவது ஆரம்ப நிலையில் கண்டுபிடிப்பது, காட்டிய நாளிலிருந்து 60 நாளுக்குள் நோயை உறுதிசெய்வது, 80 வீதத்தினர் சிகிச்சையை முழுமையாக முடிப்பது. மூன்றாவது இலக்கு எமது பகுதிகளில் அறையாலும் வாகனத்தாலும்தான் எட்டப்படும்.

வலி

நோய் குணமாகாத நிலைக்குப் போனவர்களை 'இனி ஒன்றும் செய்யேலாது, வீட்ட கொண்டுபோங்கோ' என்று அனுப்பும் வழக்கம் இருக்கிறது. செய்யக்கூடியது நிறைய உண்டு. வாயால் கொடுக்கும் மோர்பின் புற்றுநோய் வலிக்கு உலகெங்கும் பயன்படும் மருந்து, புற்றுநோய்க் கிளினிக்கில் எழுதிக் கொடுப்பார்கள். வலிக்காக, வைத்தியர் சொன்ன அளவில் எடுப்பவர் அதற்கு அடிமையாகிவிடுவார் என்ற பயம் வேண்டாம். கொடுத்தால் சீக்கிரம் உயிர் போய்விடும் என்பதும் உண்மையல்ல. வலி வந்த பிறகு கொடுக்காமல், சொன்ன மணித்தியாலத்துக்கு ஒருமுறை தவறாமல் கொடுக்கவேண்டும். மலச்சிக்கல் நிச்சயம் வரும், அதற்கான மருந்தையும் சேர்த்துக் கேளுங்கள். முதல் சில நாள் தூக்கமும் குமட்டலும் இருந்து பின் குறையும்.

போரில் பிள்ளைகளை இழந்த முதியவர்கள் சிலர் வலியைச் சொல்வதே இல்லை. 'அதைவிடப் பெரிசா இது' என்பார்கள். அவர்களிடம் வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். இரவு நித்திரை கொண்டீர்களா, திரும்பிப் படுக்க முடிகிறதா, சாப்பாடு இறங்குகிறதா என்று கேளுங்கள். மருந்து போதாவிட்டால் அடுத்த கிளினிக் திகதி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நோயாளியால் பயணம் செய்ய முடியாவிட்டால், கிளினிக் கொப்பியோடு வீட்டிலுள்ள ஒருவர் போய் நிலைமையைச் சொல்லி மருந்து பற்றிக் கேட்கலாம்.